தலையில அடிபட்டு 5 மாசம், இன்னும் சரிவரேல்ல
அக்காமார் அண்ணாமார், ஒரு உதவி. 5 மாசத்துக்கு முந்தி நிலாவெளி ரோட்டில மாடு குறுக்க வந்து மோட்டச்சைக்கிளோட விழுந்தனான், ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தனான், ஸ்கேன் கிளியர் எண்டு அடுத்த நாளே வீட்ட விட்டிட்டினம். ஆனா இண்டைக்கும் ஃபோனை 10 நிமிசம் பாத்தா தலையிடி, வெயில் கண்ணுக்குள்ள குத்துது, மார்க்கெட் இரைச்சலுக்க நிண்டா தலை சுத்துது, சொல்ல வந்த சொல்லே மறந்துபோகுது. கோணேசர் கோயில் படி ஏறவே பயமாக் கிடக்கு. மூளை அதிர்ச்சி பெரும்பாலும் ஸ்கேனில தெரியாதாம், கனபேருக்கு கிழமைக்கணக்கில மாறும், சிலருக்கு மாசக்கணக்கில இழுக்குமாம். வீட்டில நான் நடிக்கிறன் எண்டு நினைக்கினம், அம்மா மட்டும் வேப்பிலை அடிச்சுப் பாப்பம் எண்டுறா! திருகோணமலைக்குள்ள தலைச்சுத்துக்கு பலன்ஸ் பயிற்சி குடுக்கிற பிசியோ ஆரையும் தெரியுமோ? கொழும்புக்கு பஸ்ஸில குலுங்கிப் போக ஏலாது. இப்பிடி இருந்து திரும்ப வேலைக்குப் போனாக்கள் எப்பிடித் தொடங்கினியள், அரைநாளோ?