மறு: மறு: சஸ்பென்ஷன் லிஃப்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘தரை இடைவெளி உயர்த்தல்’ என்று வைத்தால் எவருக்கும் புரியும். தொங்கலமைப்பு அது இது என்று ஏன் சிரமப்பட வேண்டும்?

வணக்கம் ஐயா,

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் வில் அமைப்பில் (சஸ்பென்ஷன்) கை வைத்து வண்டியை உயர்த்துவதைத்தானே லிஃப்ட் என்கிறோம். என் ஜிம்னி ஜீப்புக்கு 50 மி.மீ. உயரம் கூட்டும் சுருள்வில் நான்கும் அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பரும் வாங்கிப் போட்டபோது, முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்தேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு இஞ்ச் கூடியிருந்தது, சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) அதே அளவு ஏறியிருந்தது, ஆனால் பின் அச்சின் நடுவில் குடம் போல் புடைத்திருக்கிறதே டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டி, அதற்கும் தரைக்கும் இருந்த இடைவெளி துளிகூட மாறவில்லை. மாறவும் மாறாது. ஜிம்னியில் முன்னும் பின்னும் அச்சு ஒரே கட்டாக இருக்கிறது. அச்சு டயரின் மேல், வில் அச்சின் மேல், சேசிஸ் வில்லின் மேல். வில்லை உயரமாக்கினால் அதற்கு மேலே இருப்பதுதான் உயரும்.

அந்தக் குடம் கல்லில் இடிக்காமல் போக வேண்டுமானால் டயரைத்தான் பெரிதாக்க வேண்டும், அதிலும் பாதிதான் கைக்கு வரும். கம்பெனி தருகிற 195/80 அளவு 15 இஞ்ச் டயரின் விட்டம் ஏறக்குறைய 693 மி.மீ., 235/75 போட்டால் 733. நாற்பது கூடுகிறது, அச்சு ஏறுவது இருபது. வில்லை மாற்றுவதே பெரிய டயர் திரும்பும்போதும் குதிக்கும்போதும் மட்கார்டில் உரசாமல் இருக்கத்தான் பாதி. ஆகவே ‘தரை இடைவெளி உயர்த்தல்’ என்று அகராதியில் ஏற்றினால், படித்துவிட்டுக் காசு செலவழிக்கிறவன் நம்மைத்தான் திட்டுவான்.

அடுத்து, சஸ்பென்ஷனை நேராக மொழிபெயர்த்தால் வரும் தொங்கல். ஆங்கிலக்காரர்கள் குதிரை வண்டியின் கூட்டைத் தோல் வார்களில் கட்டித் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது, அந்தப் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது, நமக்கு எதற்கு? நம் பாடப் புத்தகங்களில் வேதியியலுக்கு ஏற்கெனவே ஒரு தொங்கல் (நீரில் கரையாமல் மிதக்கும் துகள் கலவை) இருக்கிறது. அதைவிட முக்கியம், பட்டறையில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். வில் மாற்றிய இடத்தில், வண்டியைத் தூக்கி நிறுத்தி நான்கு சக்கரமும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, அச்சைச் சேசிஸோடு பிடிக்கும் கைகளின் முனையில் இருக்கும் புஷ் (ரப்பர் வைத்த வளையம்) போல்ட்டுகளை முழுசாக இறுக்கிவிட்டார்கள். வண்டியைக் கீழே இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் அதை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ்ஷில் இருக்கும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். கிழிந்தது. இப்போது இந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘தொங்கலில் இருக்கும்போது தொங்கலமைப்பின் போல்ட்டை இறுக்காதீர்’. சக்கரம் எடை இழந்து கீழே இறங்குகிற நிலைக்குத்தான் தொங்கல் வேண்டும். அதை வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மெக்கானிக்குகள் சொல்கிற ‘தூக்குறது’ எனக்குப் பிடிக்கும், ஆனால் ‘வண்டியைத் தூக்கிட்டாங்க’ என்று வீட்டில் சொன்னால் போலீஸுக்குப் போன் போடுவார்கள்.

என் பரிந்துரை ‘வில்லேற்றம்’. மாட்டு வண்டியில் அச்சுக்கு மேலே பட்டைவில் வைத்தபோது நம் ஆட்கள் எந்தக் கமிட்டியும் போடாமல் ‘வில்வண்டி’ என்றார்கள். சஸ்பென்ஷனுக்கு வில்லமைப்பு, அதை உயர்த்தினால் வில்லேற்றம், தீர்ந்தது. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து பாடியை மட்டும் உயர்த்துகிறார்களே, அதற்குக் ‘கூண்டேற்றம்’. வில்வண்டி, கூண்டு வண்டி இரண்டும் பழகிய பெயர்கள்தான்.

----------

தம்பி, வணக்கம்.

வில்வண்டி நன்றாக இருக்கிறது, நான் அதில் பள்ளிக்கூடம் போனவன். இரண்டு இடத்தில் இடறுகிறது. ஒன்று, ‘வில்லேற்றுதல்’ என்றால் வில்லில் நாண் பூட்டுவது என்று இலக்கியம் படித்தவன் நினைப்பான். இரண்டு, ஆம்னி பஸ்ஸில் வில்லுக்குப் பதில் காற்றுப் பை இருக்கிறது, வில் எங்கே? இன்னொன்றும் கேட்கிறேன், பழைய வில்லை அப்படியே வைத்து அதன் தலையில் ஸ்பேசர் என்று ஒரு வட்டு மட்டும் வைக்கிறார்களாமே, வில்லைத் தொடாததும் வில்லேற்றமா?

----------

ஐயா,

நாண் பற்றி எனக்குப் பயமில்லை, ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறவனுக்கு இராமன் நினைவு வராது. காற்றுப் பையையும் விட்டுவிடலாம், அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுவது எதுவோ அது வில், இயற்பியல் பாடத்தில் அந்தப் பொருள் வந்து நாளாயிற்று.

வட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் யோசிக்கவில்லை. வட்டு வைத்தால் வண்டி உயரும், ஆனால் வில்லின் விறைப்பு பழையதுதான், ஷாக்கும் பழைய நீளம் என்றால் சக்கரம் கீழே தொங்கும் அளவில் அந்த வட்டின் உயரம் அப்படியே குறைந்துவிடும். மேடு பள்ளத்தில் சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் நிற்கும். விலை குறைவு என்று இதை வாங்கிவிட்டு ‘நானும் லிஃப்ட் போட்டேன்’ என்கிறவர்கள் நிறைய. பெயரிலேயே தெரிந்தால் நல்லது: ‘வட்டேற்றம்’. வில்லேற்றத்தின் கீழே உள்பதிவாகப் போடலாமா, தனிப் பதிவாகவா? நான் தனி என்பேன்.

வில்லேற்றமோ வட்டேற்றமோ எதைப் போட்டாலும் முன் அச்சின் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் சாய்வு) குறைந்து ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலையும், அச்சு பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். ஒன்றைக் கோணப் புஷ் போட்டும் இன்னொன்றை அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு கம்பி போட்டும் சரிசெய்வார்கள். கேஸ்டருக்கு ‘முன்சாய்வு’ என்று இங்கே யாரோ எழுதியிருந்தார்கள், அந்தக் கோணம் பின்பக்கம் சாய்வது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இதில் கலந்தால் இரண்டும் முடியாது.