இளம் வயதில் கண் பை நீக்கம்: இமையின் உள்ளே வெட்டுவதா, வெளியே வெட்டுவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, வயது 28

கீழிமையில் தொங்கும் பைகளை அறுவை சிகிச்சையால் நீக்கிக்கொள்ள நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது செலவு எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பை எதனால் உண்டாகியிருக்கிறது என்பதைக் கண்டறிந்த பிறகே, வெட்டு இமையின் உட்புறத்திலா, இமைமுடிக்குக் கீழே தோலிலா என்று முடிவு செய்ய முடியும். நான் இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். இருவரும் இரண்டு வெவ்வேறு வழிகளைச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்த காரணத்தை விளக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்கும் அத்தைக்கும் இதே பைகள் உண்டு. எனக்குக் கல்லூரிக் காலத்திலேயே தெரியத் தொடங்கிவிட்டன. நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும், இரவெல்லாம் விழித்திருந்தாயா என்று யாராவது கேட்பார்கள். உப்பைக் குறைத்தேன், வெள்ளரித் துண்டு வைத்தேன், விலை உயர்ந்த கிரீம் தடவினேன். எதுவும் பயன் தரவில்லை. பயன் தராததில் வியப்பும் இல்லை. ஏனெனில் கண் விழியைச் சுற்றிப் பாதுகாப்பாக இருக்கும் கொழுப்பு, அதைத் தாங்கும் மெல்லிய சவ்வைத் தள்ளிக்கொண்டு முன்னே வருவதால் உண்டாகும் பை அது. மேலே பூசும் எதுவும் அந்தக் கொழுப்பைச் சென்று சேராது.

முதலில் பார்த்த அழகியல் அறுவை மருத்துவர், இமைமுடிக்குச் சற்றுக் கீழே தோலில் கீறி, தோலையும் அதன் அடியிலுள்ள தசையையும் உயர்த்தி, கொழுப்பை எடுத்துவிட்டு, மிகுந்த தோலை வெட்டித் தைக்கலாம் என்றார். வயதானவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் செய்யப்படும் நல்ல முறைதான் அது. ஆனால் எனக்கு மிகுந்த தோல் என்று ஒன்று இருக்கிறதா என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

புதுச்சேரியில், கண் இமை அறுவை சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற கண் மருத்துவர் ஒருவரை அடுத்துப் பார்த்தேன். அவர் செய்த சோதனைகளை அவசியம் பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனெனில் வழியைத் தீர்மானித்தவை அவையே. நேராக அமரவைத்து மேலே பார்க்கச் சொன்னார். பை இன்னும் புடைத்தது, ஆகவே காரணம் கொழுப்புதான் என்றார். கீழிமையை விரலால் மெல்ல இழுத்துவிட்டார். கண் சிமிட்டாமலே அது உடனே கண்ணோடு ஒட்டிக்கொண்டது, ஆகவே இமை தளரவில்லை. தோலைச் சற்று விரித்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே தெரியும் கருமை விலகாமல் அங்கேயே இருந்தால் அது தோலின் நிறமி, வெளிச்சத்தின் திசையை மாற்றும்போது மறைந்தால் அது பையின் நிழல். எனக்குப் பெரும்பகுதி நிழல், சிறிது நிறமி. நிறமியை அறுவை சிகிச்சை போக்காது என்று அவர் முன்கூட்டியே சொன்னது மிக உதவியாக இருந்தது. கண்ணீர்ச் சுரப்பைச் சிறு தாள் பட்டையால் அளந்தார், பார்வையைக் குறித்துக்கொண்டார், தைராய்டு சோதனைக்கும் எழுதிக்கொடுத்தார்.

பின்னர் அவர் சொன்ன முடிவு: தோல் இறுக்கமாக இருக்கிறது, வெட்டியெடுக்கத் தோல் இல்லை, ஆகவே தோலைத் தொடத் தேவையில்லை, இமையின் உட்புற இளஞ்சிவப்புச் சவ்வின் வழியாகச் சென்றாலே போதும். தோல் வழியாகச் செல்லும்போது தசையையும் கொழுப்பைத் தாங்கும் சவ்வையும் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த அடுக்குகளில் வடு சுருங்கினால் கீழிமை கீழே இழுபட்டு, விழியின் வெண்மை கூடுதலாகத் தெரியலாம், இமை வெளிப்புறம் திரும்பவும் கூடும். உட்புற வழியில் இந்த ஆபத்து முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் குறைவு. மேலும் நம்மைப் போன்ற மாநிறத்தவர்களின் தோலில் கீறிய இடம் சிலருக்குக் கருத்துப்போகும் வாய்ப்பு உண்டு. உட்புறம் வெட்டினால் வெளியே தழும்பே இல்லை.

இது புதிதாக வந்த முறையா என்று அப்பா கவலைப்பட்டார். பிரெஞ்சு மருத்துவர் பூர்கே 1924-லேயே இதை விவரித்திருக்கிறார் என்று மருத்துவர் சொன்ன பிறகே அவர் சம்மதித்தார்.

வழி முடிவான பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது: கொழுப்பை எடுப்பதா, இடம் மாற்றுவதா? கீழிமையில் உட்புறம், நடு, வெளிப்புறம் என மூன்று கொழுப்புப் பொதிகள் இருக்கின்றன. எனக்குப் பைக்குக் கீழே, மூக்கோரத்திலிருந்து கன்னத்தை நோக்கி ஒரு பள்ளமும் இருந்தது. பையை மட்டும் எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும். கொழுப்பை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் வயது ஏற ஏறக் கண் குழி விழுந்து, இப்போதைவிட மூப்பாகத் தோன்றும். ஆகவே உட்புற, நடுப் பொதிகளைப் பள்ளத்தின் மேல் பரப்பி, வெளிப்புறப் பொதியில் மட்டும் சிறிது எடுத்தார். இளம் வயதில் மிச்சம் வைப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் சற்றுக் குறைவாக எடுத்தால் பின்னால் எடுத்துக்கொள்ளலாம், கூடுதலாக எடுத்ததைத் திருப்பி வைப்பது கடினம். பள்ளமே இல்லாமல் பை மட்டும் உள்ளவருக்கு இடமாற்றம் தேவைப்படாது. ஒருவருக்குச் செய்ததையே தனக்கும் செய்யச் சொல்லிக் கேட்பது சரியல்ல.

உட்புறப் பொதிக்கும் நடுப் பொதிக்கும் இடையே விழியை அசைக்கும் தசை ஒன்று ஓடுகிறது. அது காயப்பட்டால் இரட்டைப் பார்வை வரலாம். இந்த இடத்தை நாள்தோறும் கையாளும் மருத்துவரைத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிகிச்சைக்கு முன் ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் இ ஆகியவற்றை, எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டு நிறுத்தச் சொன்னார்கள். அம்மா கொடுத்துவந்த பூண்டு மாத்திரையும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் அதுவும் நின்றது. மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்கமும் கொடுத்தார்கள். வலியை உணரவில்லை, இழுப்பதுபோன்ற உணர்வு மட்டும் இருந்தது. அன்றிரவு கடலூருக்குத் திரும்பாமல் லாஸ்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கினேன். விழிக்குப் பின்னால் இரத்தம் கசிந்து பார்வை நரம்பை அழுத்துவது மிக அரிது என்றாலும், நேர்ந்தால் சிறிது நேரத்திலேயே பார்வை போய்விடக்கூடும். கடும் வலி, விழி முன்தள்ளல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஓடிவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் 24 மணி நேரம் மருத்துவமனைக்கு அருகில் இருப்பதை வெளியூர்க்காரர்கள் கட்டாயம் திட்டமிட வேண்டும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து, வயது 24

நானும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் முடிவோடுதான் சென்றேன். என் வீக்கம் காலையில் மிகுந்து மாலையில் குறையும். மேலே பார்த்தால் புடைப்பு மாறவில்லை. தோலை விரித்தாலும் கருமை அப்படியே இருந்தது. சிறுவயது முதலே ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் நிறமி படிந்திருக்கிறது, வெட்டி எடுக்க ஒன்றும் இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒவ்வாமைச் சொட்டு மருந்தும் வெயில் தடுப்புக் களிம்பும் கொடுத்தார். வீக்கம் பெருமளவு குறைந்திருக்கிறது, கருமை மெதுவாகத்தான் குறைகிறது. வேண்டாம் என்று சொல்லத் தயங்காத மருத்துவரிடம் சென்றதை நல்வாய்ப்பாகக் கருதுகிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து

தோல் வழி முறையைத் தவறானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் என் அக்காவுக்குப் பையோடு தோலும் தளர்ந்து சுருங்கியிருந்தது. அவருக்குத் தோல் வழியாகவே செய்து, இமை இறங்காமலிருக்க வெளி ஓரத்தில் ஒரு தையலால் இறுக்கிக் கட்டினார்கள். இமைமுடிக்குக் கீழே உள்ள கோடு இப்போது தேடினால்தான் தெரிகிறது. தோல் சிறிதளவே மிகுந்திருப்பவர்களுக்கு உட்புறமாகக் கொழுப்பைச் சரிசெய்து, தசையைத் தொடாமல் தோலை மட்டும் கிள்ளியெடுப்பதுபோல் நீக்கும் கலப்பு முறையும் உண்டு என்று அப்போது அறிந்தோம்.

ஒரு கேள்வி: சிரிக்கும்போது இமைமுடிக்குக் கீழேயே ஒரு சிறு உருளை எழுகிறது. அதையும் சேர்த்து எடுத்துவிடலாமா? பணிக்கு எப்போது திரும்ப முடிந்தது?

மஞ்சக்குப்பத்திலிருந்து, மறுமொழி

அந்த உருளை தசை, கொழுப்பு அல்ல. சிரித்தால் எழுந்து, முகம் ஓய்ந்தால் மறையும். அது இளமையான முகத்தின் இயல்பு என்றும், அதை வெட்டினால் இமையின் பிடிமானம் பலவீனப்படும் என்றும் எனக்கு விளக்கினார்கள். கண் பை அதற்குக் கீழே, சிரிக்காதபோதும் இருப்பது. கண்ணாடி முன் இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணியைப் பொறுத்தவரை, இரத்தக்கட்டு மறைய இரண்டு வாரம் ஆகலாம் என்று கணக்கிட்டு விடுப்பு எடுங்கள். கொழுப்பை இடம் மாற்றியவர்களுக்கு வீக்கமும் கன்னத்தில் மரத்த உணர்வும் கூடுதலாக நீடிக்கும், தொட்டால் சிறு கட்டிகள்போல் தட்டுப்படலாம். அவை பெரும்பாலும் தாமாகவே இளகும், இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். குனிந்து பாரம் தூக்குவதையும் காண்டாக்ட் லென்ஸ் அணிவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும். தோற்றத்திற்காகச் செய்வதால் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது; மருந்துக்கும் மறுபரிசோதனைக்கும் சேர்த்துச் செலவை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.