அளந்துகொண்டே இருந்தால் அணு உறைந்துவிடுமா?

மின்மினி:
குவாண்டம் ஜீனோ விளைவு (அடிக்கடி அளந்தால் அணு நிலை மாறுவது தடைபடும் என்பது) என்றாலே "நாம் பார்த்துக்கொண்டே இருந்தால் அணு மாறாது" என்று எழுதிவிடுகிறார்கள், சிலர் அதை மனதின் சக்தி வரைக்கும் கொண்டுபோகிறார்கள். தப்பு. 1990-இல் அமெரிக்காவின் போல்டரில் இடானோ, வைன்லேண்ட் குழு செய்ததைப் பாருங்கள். பொறியில் அடைத்த 5000 பெரிலியம் அயனிகள். 256 மில்லிவினாடி ரேடியோ அலை கொடுத்தால் எல்லாமே கீழ் ஆற்றல்நிலையிலிருந்து மேல்நிலைக்குப் போய்விடும். அதற்குள் சம இடைவெளியில் புற ஊதா லேசரை விட்டுவிட்டு அடித்தார்கள், கீழ்நிலையில் இருக்கும் அயனி மட்டும் அதில் ஒளிரும், அதுதான் இங்கே அளவீடு. 4 முறை அடித்தால் 37.5 சதவீதம்தான் மேலே போகும், 64 முறை என்றால் 4 சதவீதம்கூட இல்லை என்பது கணக்கு. சோதனையும் அதை ஒட்டியே வந்தது. ஆனால் நடுவில் வந்த அந்த ஒளியை யாரும் பதிவு செய்யவே இல்லை! கடைசியில் மட்டும்தான் எண்ணினார்கள். அப்புறம் எங்கே "பார்த்தது"?

தரமணி வாசகன்:
மனதின் சக்தி இல்லை என்பது சரி. அதற்காக அளவீட்டையே தள்ளிவிட வேண்டாம். 1977-இல் இதற்குப் பெயர் வைத்தவர்கள் மிஸ்ராவும் சுதர்சனும் (தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்து, பின்னால் இங்கே தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கே இயக்குநராக இருந்த அதே சுதர்சன்). ஆரம்பத்தில் அணு மாறும் வாய்ப்பு நேரத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. நேரத்தை N துண்டாக்கி ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அளந்தால் மொத்த மாற்றம் N-இல் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு அளவீடும் அணுவைத் தொடக்கத்துக்கே கொண்டுவந்து விடுவதால்தான் இது நடக்கிறது.

மின்மினி:
"கொண்டுவந்து விடுவது" லேசர்தான். 1991-இல் இயற்பியலாளர் பாலன்டைன் சொன்ன மறுப்பே இதுதான்: லேசரையும் குவாண்டம் சமன்பாட்டுக்குள் சேருங்கள், அலைச்சார்பு சரிந்தது (அளந்ததும் அணு சட்டென்று ஒரே நிலைக்கு வந்துவிட்டது) என்று சொல்லாமலே அதே விடை வரும்.

புதுப்பயணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் யுரேனியம் பக்கத்தில் கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியை வைத்தால் கதிரியக்கம் ஏன் நிற்பதில்லை?

தரமணி வாசகன்:
நல்ல கேள்வி தம்பி. அந்த வர்க்க வளர்ச்சி அங்கே மிக மிகக் குறுகிய நேரத்துக்குத்தான், அதைத் தாண்டினால் மாற்றம் நேர்விகிதம், துண்டு போட்டாலும் கூட்டுத்தொகை அதேதான். 2001-இல் டெக்சாஸில் ரெய்சன் குழு, லேசர் ஒளிப்பொறியிலிருந்து கசிந்து தப்பும் சோடியம் அணுக்களை அடிக்கடி சோதித்தபோது அந்தக் கசிவு மெதுவானது, இடைவெளியைக் கொஞ்சம் நீட்டியதும் இயல்பைவிட வேகமானது. அடிக்கடி பார்த்தால் எப்போதும் உறையும் என்று சொல்லவே முடியாது.

மின்மினி, உங்களுக்கு ஒன்று. பதிவு செய்யாததால் என்ன போயிற்று தெரியுமா? 4 லேசர் துடிப்புக்குப் பிறகு கீழ்நிலையில் 62.5 சதவீதம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒருமுறைகூட மேலே காணப்படாதவை 53 சதவீதம்தான், மீதி போய்விட்டுத் திரும்பியவை. எது எது என்று அந்தச் சோதனை சொல்லாது. ஹாம்பர்கில் ஒரே ஒரு யிட்டர்பியம் அயனியை வைத்து ஒவ்வொரு விடையையும் குறித்துக்கொண்டதே இதற்காகத்தான்.

மின்மினி:
அந்த 53-ஐ இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஹாம்பர்க் சோதனைதான் சுத்தமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் ஒளித்துகள் அயனியை விட்டுக் கிளம்பியபோதே வேலை முடிந்துவிட்டது, குறித்துக்கொண்டது நமக்காக. அதில் நான் மாறவில்லை.