காகிதக்கூழ் தலையாட்டி: வெடிப்பு, பூஞ்சை, நின்றுபோகும் தலை (கூடவே பழைய கொலு பொம்மை, முகமூடி)

பொம்மைப்பெட்டி கேட்டது:

வணக்கம். புரட்டாசிக்கு முன்னால் முடிக்க வேண்டிய நான்கு வேலைகள் மேசையில் இருக்கின்றன.

முதல் வேலை 10 அங்குலத் தலையாட்டி பொம்மை. மேல் உடம்பும் தலையும் தனித்தனியாக ஆட வேண்டும். ஊறவைத்த செய்தித்தாள், மைதா பசை, கொஞ்சம் ஃபெவிகால், இவ்வளவுதான் கூழ். அச்சிலிருந்து நன்றாகவே கழன்று வருகிறது. மூன்றாம் நாள் கழுத்தடியிலும் பாவாடை விளிம்பிலும் வெடிப்பு விழுகிறது, உள்ளே சாம்பல் பூஞ்சை. நல்ல வெயிலில்தான் காயவைக்கிறேன்.

அடுத்தது, அதே பொம்மையின் தலை. கம்பியில் உட்காரவைத்தால் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிடுகிறது.

மூன்றாவது, ஒருவர் சேர்த்து வைத்திருந்த பழைய மண் பொம்மைகள் ஏழு. இரண்டுக்குக் கழுத்து உடைந்திருக்கிறது, மற்றவற்றில் வண்ணம் உதிர்கிறது. "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்கிறார்கள். முழுக்க பெயிண்ட் அடித்துவிடலாமா?

கடைசியாக, பள்ளி நாடகத்துக்கு 12 மிருக முகமூடிகள். பலூன் மேல் காகிதம் ஒட்டினால் காய்வதற்குள் வடிவம் குழைகிறது.

---

கூழ்மேசை:

வெடிப்பு, பூஞ்சை இரண்டுக்கும் முதல் காரணம்: கூழில் தண்ணீரும் மைதாவும் அதிகம். காகிதம் மட்டும் உள்ள கூழ் காயும்போது நிறைய சுருங்கும். சுருங்காத பொருள் ஒன்று உள்ளே இருந்தால்தான் வடிவம் நிற்கும். அதற்குத்தான் சாக் பவுடர்.

நான் சொல்லும் அளவு, 100 கிராம் காய்ந்த செய்தித்தாளுக்கு. வழவழப்பான வண்ணப் பக்கங்களை எடுத்துவிடுங்கள், அவை ஊறாது. சிறு துண்டாகக் கிழித்து, வெந்நீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊறட்டும். நிறைய தண்ணீரோடு, ஒரு பிடி ஒரு பிடியாக மிக்ஸியில் அடியுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் சூடாகிவிடும். சமையல் மிக்ஸி வேண்டாம், பழையது ஒன்று தனியாக இருக்கட்டும். அடித்ததைத் துணியில் கட்டி, முறுக்கிப் பிழியுங்கள். கையில் எடுத்து அழுத்தினால் சொட்டக்கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும்.

இதோடு 100 முதல் 150 கிராம் சாக் பவுடர், 40 கிராம் மைதாவை 250 மில்லி தண்ணீரில் காய்ச்சிய பசையில் பாதி, ஃபெவிகால் 2 மேசைக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவே ஊறவைத்து அரைத்த விழுது. கிராமங்களில் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துப் பானைமேல் அப்பிக் கூடை செய்வார்கள் இல்லையா, அதே வெந்தயம்தான். அதன் கொழகொழப்பு காகித நாரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பூச்சியும் எளிதில் அண்டாது. எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு பதம் வர வேண்டும். விரலால் அழுத்தினால் ஓரம் பிளந்தால் சாக் பவுடர் கூடிவிட்டது, பசை கொஞ்சம் சேருங்கள். கையில் ஒட்டிக்கொண்டே வந்தால் பசை கூடிவிட்டது.

பூஞ்சை பிடிக்காமல் இருக்க மைதா பசையில் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது பழைய வழக்கம். அரை தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கையுறை போடுங்கள், அலுமினியம், இரும்புப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், அரித்துவிடும். குழந்தைகள் கையில் எடுத்து விளையாடும் பொம்மைக்கும் பள்ளி முகமூடிக்கும் இது கூடவே கூடாது, விஷம். இன்னொன்று: துத்தம் கலந்த ஈரக் கூழில் இரும்புக் கம்பியைப் பதித்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருக்கறை மேல்பூச்சு வரை வரும். கம்பியைக் காய்ந்த பிறகு செருகுங்கள், அல்லது பித்தளைக் கம்பி போடுங்கள்.

அச்சில் அழுத்தும்போது முதலில் வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய தாள் ஒரு சுற்று, பிறகு கூழ் 4 மில்லிமீட்டர். எல்லா இடமும் 4 தான். கழுத்தடியில் உங்களுக்கு வெடிக்கக் காரணம் அங்கே கூழ் குவிந்து கனமாக இருப்பது: பக்கத்தில் மெலிந்த இடம் முதலில் காய்ந்து இழுக்கிறது, கனத்த இடம் பின்னால் சுருங்கிப் பிளக்கிறது. ஒரு குச்சியில் 4 மில்லிமீட்டரில் கோடு போட்டு, குத்திப் பார்த்துக்கொண்டே போங்கள். பிளாஸ்டர் அச்சு ஈரத்தை உறிஞ்சித்தான் கூழை விடும். இரண்டு வார்ப்புக்குப் பிறகு அச்சே நனைந்திருக்கும், அதையும் காயவைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

வெயில்தான் அடுத்த குற்றவாளி. வெளித்தோல் காய்ந்து மூடிக்கொள்ளும், உள் ஈரம் போக வழியில்லாமல் பூஞ்சை கட்டும். முதல் 2 நாள் நிழலில், காற்றோட்டத்தில், கம்பி வலைமேல், திறந்த பக்கம் கீழே பார்க்க. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். அதன்பின் காலை வெயில். ஆடிக் காற்று இதற்கு நல்ல துணை. மழை பிடித்துவிட்டால் ஒரு பொம்மைக்கு ஒரு வாரம் கூட ஆகும். காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பதைவிட எடை போடுங்கள். இன்றைய எடையும் நாளைய எடையும் ஒன்றாக இருந்தால் காய்ந்துவிட்டது.

---

ஊசிமுனை:

தலை நிற்கும் விஷயத்துக்கு வர்றேன். தலையாட்டியில அழகு அப்புறம், முதல்ல தராசு.

ஆடுற துண்டு எந்த முனையில உட்காருதோ, அந்த முனைக்குக் கீழேதான் அந்தத் துண்டோட எடை மையம் இருக்கணும். மேலே போனா கவிழும். ரொம்பக் கீழே போனா வெடுக் வெடுக்குன்னு ஆடி சீக்கிரம் நிக்கும். முனைக்குச் சற்றே கீழே இருந்தா மெதுவா, ரொம்ப நேரம் ஆடும். இந்தச் "சற்றே"தான் வேலையே.

சைக்கிள் ஸ்போக் துண்டு நல்ல கம்பி, நேரா நிக்கும். நுனியை ஊசி மாதிரி கூர்மையா விடாதீங்க, அரத்தால லேசா உருட்டுங்க. கூர்முனை நேரா கூழில் பட்டா குழி தோண்டிக்கும், தலை அந்தக் குழியிலேயே மாட்டிக்கும். தலை உச்சியின் உள்பக்கம் டிச் பட்டனின் பள்ளமான பாதியை அரால்டைட் போட்டு ஒட்டிட்டா முனை அதுல வழுக்கி ஆடும். உங்க தலை சாயறதுக்கு முதல்ல இதைச் சரிபாருங்க.

சாயறதுக்கு இன்னொரு காரணம் பின்கொண்டை. கொண்டை, ஜடை, கிரீடம், கல், சமிக்கி எல்லாம் எடைதான். கிரீடத்துல கல் ஒட்டஒட்ட மையம் மேலே ஏறும். அதனால வண்ணம், வார்னிஷ், நகை எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கடைசி எடை சரிபார்க்கணும். தலையிலிருந்து உடம்புக்குள்ளே இறங்குற கழுத்துத் தண்டின் அடியில, உள்பக்கமா ஈரக் களிமண் உருண்டையை ஒட்டி ஒட்டி ஆட்டிப் பாருங்க. சரியானதும் உருண்டையை எடுத்து நிறுத்து, அதே எடைக்கு இரும்பு வாஷரும் எம்சீலும் அதே இடத்துல. களிமண்ணை அப்படியே விட்டா காயும்போது எடை குறைஞ்சு திரும்பச் சாயும்.

அடுத்ததை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. மேல் உடம்பும் ஆடணும்னா, தலையோட எடை உடம்புக்கு எங்கே விழுது? தலை இருக்கிற இடத்துல இல்லை, தலை தொங்குற கம்பி முனையில. தலை 40 கிராம், அந்த முனை உடம்போட தொங்குமுனைக்கு 7 சென்டிமீட்டர் மேலேன்னு வைங்க. 40 பெருக்கல் 7, 280. இதை ஈடுகட்ட, உடம்பின் முனைக்கு 5 சென்டிமீட்டர் கீழே 56 கிராம் வேணும். இது தலைக்கு மட்டும். மேல் உடம்போட சொந்த எடை முனைக்கு மேலே இருந்தா அதையும் சேர்த்து 80, 90 கிராம் ஆகும். அதனாலதான் மேல் உடம்பை இடுப்போட வெட்டிவிடாம, பாவாடைக்குள்ளே இறங்குற மாதிரி நீளமா செய்யறது. நீளம் கூடினா எடை குறைச்சலா இருந்தா போதும்.

இடைவெளி: கழுத்துத் தண்டுக்கும் துளைக்கும் சுத்தி 5 மில்லிமீட்டர். பூச்சும் வார்னிஷும் ரெண்டு பக்கமும் சேர்ந்து 1 மில்லிமீட்டருக்கு மேல தின்னுடும்.

தட்டிவிட்டா எழுந்து நிக்கிற ராஜா ராணி பொம்மைக்கு இந்தக் கணக்கு இல்லை. அங்கே அடி அரைக்கோளம். அந்தக் கோளத்தின் நடுப்புள்ளிக்குக் கீழே மொத்த எடை மையம் இருந்தா எழும்பும். அடியை உருண்டையா தேய்க்கும்போது ஒரு இடத்துல தட்டையாயிட்டா அந்தப் பக்கம் சாய்ஞ்சே நிக்கும்.

விற்கப் போறீங்கன்னா ஒன்று. "தஞ்சாவூர் பொம்மை" புவிசார் குறியீடு பெற்ற பெயர். வேற ஊர்ல செஞ்சதை அந்தப் பெயர்ல விக்கக் கூடாது. தலையாட்டி பொம்மைன்னு எழுதுங்க.

---

மாடவீதி:

பழைய மண் பொம்மைகளை முழுக்க பெயிண்ட் அடிக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி என்று ஒவ்வொரு ஊர் அச்சுக்கும் கண் எழுதும் கைக்கும் தனி முகம் உண்டு. எனாமல் ஒரு கோட் போனால் ஏழு பொம்மைக்கும் ஒரே முகம் ஆகிவிடும், திரும்பப் பெற வழியே இல்லை. கொடுத்தவர்களிடம் ஒரு பொம்மையை மட்டும் சுத்தம் செய்து காட்டுங்கள். பெரும்பாலும் தூசு போனாலே கேட்ட "புதுசு" கிடைத்துவிடும்.

சுத்தம் என்றால் உலர்ந்த மென்மையான பிரஷ் மட்டும். சோதிக்காமல் ஈரத்துணி படக்கூடாது, பழைய பூச்சுகளில் பல தண்ணீரில் கரையும். ஈரப் பஞ்சை முதுகுப் பக்கம், பீடத்தடியில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அந்தப் பொம்மைக்குத் தண்ணீரே கிடையாது. உதிரும் வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூசு மூக்கில் போகும்.

உடைந்த கழுத்துக்கு: முதலில் ஒட்டாமல் பொருத்திப் பாருங்கள், எந்தக் கோணத்தில் சரியாக உட்காருகிறது என்று பென்சிலால் பீடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தலை கனமென்றால் இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் துளை, ஒரு அங்குலப் பித்தளைக் கம்பி. துளையை மெதுவாகக் கையால் போடுங்கள், மின் துளைப்பான் அதிர்வில் சுடாத மண் பிளந்துவிடும். உடைந்த பரப்பின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் விட்டு, நடுவில் மட்டும் பசை; இல்லையென்றால் பிதுங்கி வண்ணத்தின் மேல் வழியும். ஒட்டியதும் பொம்மையை அரிசி நிரம்பிய டப்பாவில் கழுத்து செங்குத்தாக நிற்கும்படி புதைத்து ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். வெறும் கயிற்றுக் கட்டு நழுவும்.

விரிசலை நிரப்ப எம்சீல் வேண்டாம். மண்ணைவிடக் கடினம், அதைத் தேய்க்கும்போது பக்கத்து வண்ணம்தான் முதலில் போகும். சாக் பவுடரும் ஃபெவிகாலும் குழைத்த விழுது போதும். நிறம் போட வேண்டியது அந்த நிரப்பிய இடத்துக்கு மட்டும். கண்ணைத் தொடவே வேண்டாம்.

திருப்பித் தரும்போது பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றித் தாருங்கள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் மை ஒட்டும். காற்றுக்குமிழி பிளாஸ்டிக் கோடை வெப்பத்தில் பெயிண்டில் வட்ட வட்டமாகத் தடம் பதிக்கும். பெட்டியில் வசம்புத் துண்டு போடலாம். வேப்பிலை என்றால் நன்றாகக் காய்ந்தது. பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவந்து பூஞ்சைக்கு வழி செய்யும்.

---

கூழ்மேசை:

முகமூடிக்குப் பலூனை விடுங்கள். வெயிலில் காற்று விரிந்து ஒட்டின தாள் பிரியும், இரவில் சுருங்கிக் குழியும். பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மூக்கு, தாடை, புருவத்தைக் களிமண்ணால் எழுப்பி, அதன்மேல் ஒட்டுங்கள். 12 முகமூடிக்கு 4 பேசின் போதும், மூன்று சுற்று.

2 விரல் அகலக் கீற்றுகள், கையால் கிழித்தவை. கத்தரித்த விளிம்பு மேடாகத் தெரியும். 5 அடுக்கு. ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழுப்புத்தாள் என்று மாற்றி மாற்றிப் போட்டால் எங்கே அடுக்கு விட்டுப்போனது என்று நிறத்திலேயே தெரிந்துவிடும். 3 அடுக்கு போட்டு ஒரு நாள் காயவிட்டு மீதி 2. யானைத் துதிக்கையைக் கூழில் செய்யாதீர்கள், எடை முன்னால் இழுத்து முகமூடி மூக்கில் இறங்கும். தாளைச் சுருட்டி வெறுங்குழலாகச் செய்யுங்கள். கண் துளையைக் குழந்தையின் முகத்தில் வைத்துப் பார்த்த பிறகு வெட்டுங்கள், மூக்குக்கும் வாய்க்கும் காற்று போக வழி இருக்கட்டும். உள்ளே நெற்றியிலும் கன்னத்திலும் ஸ்பாஞ்சு மூன்று துண்டு.

---

பொம்மைப்பெட்டி:

டிச் பட்டன் ஒட்டியதும் தலை ஒன்றரை நிமிடம் ஆடுகிறது. ரொம்ப நன்றி! மாடவீதி அக்கா, பெயிண்ட் அடிக்கும் யோசனையை விட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். பூச்சு போட்டதும் முகத்தில் மயிரிழை விரிசல் வருகிறது. பழுது வேலைக்கு எப்படிக் காசு சொல்வது?

---

கூழ்மேசை:

மயிரிழை விரிசல் பூச்சு தடித்ததால். சாக் பவுடர் 3 பங்கு, ஃபெவிகால் 1 பங்கு, மோர் பதத்துக்குத் தண்ணீர். மெல்லிய கோட் நான்கு, முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது, இரண்டாவதுக்குப் பின் 120 எண் உப்புத்தாள், கடைசியில் 220 எண். ஃபெவிகால் கூட்டினால் பூச்சு அடியைவிட வலுவாகி, தோலாக உரிந்து வரும்.

---

மாடவீதி:

பொம்மைக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள், மணிக்கணக்கில் சொல்லுங்கள். உடைந்த ஒரு கழுத்துக்குப் பொருத்த, துளைக்க, ஒட்ட, நிரப்ப, நிறம் சேர்க்க மூன்று மணி நேரம் போகும். காயும் நேரத்துக்குக் காசு இல்லை. பெறும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள விரிசல், உதிர்வு, காணாமல் போன விரல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்து. பாதி முன்பணம். தேதி சொல்லும்போது காயும் நாட்களோடு இன்னும் 4 நாள் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த மண் பொம்மைகளோடு மரப்பாச்சி (மரத்தில் செதுக்கிய பொம்மை) ஏதாவது கலந்து வந்திருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். பழையவை செம்மரத்தில் செய்தவையாக இருக்கலாம். அதற்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.