தட்டினால் கட்டை, ஊதினால் கீச்சு: ரெண்டாப்புக்கு எப்படிச் சொல்வது?

இரண்டாப்பு டீச்சர்:
ஒலிப் பாடத்துக்காக ஆறு கண்ணாடி பாட்டில்களில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து ஊற்றி வைத்தேன். பிள்ளைகள் கரண்டியால் தட்டினார்கள். தண்ணீர் கூடக் கூடச் சத்தம் கட்டையானது. நானும் "தண்ணீர் அதிகம் என்றால் கட்டைச் சத்தம்" என்று போர்டில் எழுதிவிட்டேன். அப்புறம் ஒரு பையன் பாட்டில் வாயில் ஊதினான். முக்கால் நிறைந்த பாட்டில்தான் கீச்சென்றது! "டீச்சர், தப்பா எழுதிட்டீங்க" என்கிறான். நல்லவேளை, மணி அடித்துவிட்டது. ஏழு வயசுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

ரிடையர்டு வாத்தியார்:
டீச்சரம்மா, முதலில் அவனுக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். தட்டும்போது அதிர்வது கண்ணாடி. தண்ணீரையும் சுமந்துகொண்டு அதிர வேண்டியிருப்பதால் மெதுவாக அதிரும், சத்தம் கட்டையாகும். ஜலதரங்கக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் சுருதி இறக்குவது இப்படித்தான். ஊதும்போது அதிர்வது தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று. அதற்கு இடம் குறையக் குறைய வேகமாக அதிரும், கீச்சென்னும்.

இதையெல்லாம் நீங்கள் சொல்லவே வேண்டாம். பாட்டிலைக் கையால் இறுக்கிப் பிடித்துத் தட்டச் சொல்லுங்கள். 'ணங்' செத்து 'டொக்' ஆகிவிடும். அதே பிடியில் ஊதினால் சத்தம் அப்படியே இருக்கும். அப்போது எது அதிர்கிறது என்று கேளுங்கள், போதும். அப்புறம் குழாயடியில் ஒரு குடத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அது நிறையும் நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் தினமும் கேட்கிற சத்தம்தானே!

பூவரசு:
முப்பது பிள்ளைகள் ஒரே பாட்டிலில் ஊதினால் அடுத்த வாரம் வகுப்பே இருமும். ஆளுக்கொரு பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து கொடுங்கள். ஒரு முனையை விரலால் தட்டையாக நசுக்கினால்தான் ஊதும். உதடு கூசும், அதுதான் அதிர்வு. பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே மன்னிப்பு கேட்டுவிடுங்கள்.

இரண்டாப்பு டீச்சர்:
சார், குடம் நிறையும் நேரத்தை முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். போர்டில் இருந்ததை அந்தப் பையனையே அழிக்கச் சொன்னேன். "தட்டுனா", "ஊதுனா" என்று ரெண்டு வரியாக எழுதினான். இறுக்கிப் பிடிக்கிறேன் என்று ஒருத்தி ஒரு பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாள். இனிமேல் கண்ணாடியை நான்தான் பிடிப்பேன்.