பதினோராவது வெள்ளிக்கிழமை: ஹைஸ்கூல் ஃபுட்பால் ப்ளேஆஃபை அருகில் இருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

டாலஸ் வடக்கு, ஒரு லைன்மேனின் அம்மா:

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அணியில் ரைட் கார்டு, அதாவது லைன்மேன் என்று சொல்லும் முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவன். இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, தோளில் பேட் கட்டி, மோதி ஆடுகிற ஆட்டம். கார்டாக இருப்பவன் பெரும்பாலும் பந்தைத் தொடுவதே இல்லை. பின்னால் பந்தோடு நிற்கிற குவாட்டர்பேக் மேல் யாரும் வந்து விழாமல் மறித்து நிற்பதுதான் அவன் வேலை. பெயர் ஒலிபெருக்கியில் வராது. அவன் தவறவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

போன நவம்பரில் நடந்ததை எழுதுகிறேன். இரண்டு மாதமாக மனதில் கிடக்கிறது.

டிஸ்ட்ரிக்ட் என்றால் இங்கே தங்களுக்குள் ஆடும் பள்ளிகளின் குழு. எங்களுடையதில் எட்டுப் பள்ளிகள். முதல் நான்கு இடத்தில் வந்தால் ப்ளேஆஃப், தோற்றால் வெளியே போகிற சுற்றுகள். எங்கள் பிள்ளைகள் பத்து ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தார்கள். ஆனால் அந்த மூன்றுமே டிஸ்ட்ரிக்ட் ஆட்டங்கள் என்பதால் நான்காவது இடம் கிடைத்துவிட்டது. பள்ளியில் ஒரே கொண்டாட்டம். அணிக்கு உதவும் பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப்பின் அம்மாக்கள் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து வியாழன் இரவு அறுபது பிள்ளைகளுக்குப் பாஸ்தா சமைத்தோம். அத்தனை பேர் முகத்திலும் வெளிச்சம்.

டெக்சஸில் பை-டிஸ்ட்ரிக்ட் என்கிற முதல் சுற்றில், பெரும்பாலான பிரிவுகளில் ஒரு டிஸ்ட்ரிக்டில் நான்காவதாக வந்த அணி இன்னொரு டிஸ்ட்ரிக்டில் முதலாவதாக வந்த அணியோடு மோத வேண்டும். எதிரில் வந்தவர்கள் பத்துக்குப் பத்து ஜெயித்தவர்கள். என் மகனுக்கு எதிரே நின்ற பையன் அவனைவிட முப்பது கிலோவாவது கூட இருப்பான். பெரிய கல்லூரி ஒன்று ஸ்காலர்ஷிப் கொடுத்து ஏற்கெனவே பேசி வைத்திருந்த பையன் அவன். முதல் பாதி முடிந்தபோது 42-0.

ஆட்டம் நான்கு குவாட்டர். மூன்றாவது குவாட்டரில் அந்தப் பையன் என் மகனைத் தாண்டிப் போனான். எங்கள் குவாட்டர்பேக் பத்தாம் வகுப்பு. மூத்தவனுக்குக் கணுக்கால் போனதால் உள்ளே வந்தவன். அடி வாங்கி விழுந்தவன் எழவில்லை. மைதானத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்தார்கள். யாருக்காவது அடிபட்டால் அப்படி உட்காருவது வழக்கம். கீழே கிடப்பவனின் அம்மா என் வரிசையில்தான் இருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்தேன், கண் மட்டும் என் மகன்மேல். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

63-7 என்று ஆட்டம் முடிந்தது. காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் சொன்னான்: "அம்மா, நான்தான் அவனை விட்டுட்டேன்."

எனக்குக் கோச் மேல் கோபமில்லை. எதிரணி மேலும் இல்லை. பத்தில் மூன்று ஜெயித்த பதினாறு வயதுப் பிள்ளைகளை அந்த அணி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற ஏற்பாடு எதற்கு என்றுதான் கேட்கிறேன். மாநிலம் முழுக்க இந்த முதல் சுற்றில் இப்படிப்பட்ட ஸ்கோர்கள் வருடாவருடம் வருகின்றன. இங்கே பிள்ளைகளை ஆடவிட்டவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மேற்கு டெக்சஸ், சிறு நகர மருத்துவர்:

அம்மா, முதலில் ஒன்று. உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இருபது வருடமாக வெள்ளிக்கிழமை இரவுகளில் மைதான ஓரத்தில் நிற்கிறேன். லைன்மேன் ஒருவனால்தான் இன்னொருவனுக்குத் தலையில் அடிபட்டது என்று நான் ஒரு தடவைகூடக் குறிப்பு எழுதியதில்லை. ஓடிவரும் வேகம், தலை திரும்பும் கோணம், தரையில் மோதும் விதம் என்று எல்லாம் ஒரு நொடிக்குள் நடக்கிற காரியம். அதை ஒரு பிள்ளை தன் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

நான் இருப்பது மிட்லேண்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். எங்கள் ஹைஸ்கூலில் நூறு பேர்கூடத் தேறாது. இந்த அளவுள்ள பள்ளிகள் ஆறு பேர் ஆடும் ஃபுட்பால் ஆடுகின்றன. 1934-இல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினொரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்காக உண்டாக்கிய ஆட்டம். மைதானம் 80 கெஜம்தான். பத்து கெஜத்துக்குப் பதில் பதினைந்து கெஜம் முன்னேறினால்தான் ஃபர்ஸ்ட் டவுன், அதாவது பந்தைத் தொடர்ந்து வைத்திருக்கும் உரிமை. நீங்கள் கேட்டதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது: முதல் பாதி முடிவிலோ அதற்குப் பிறகோ ஒரு அணி 45 புள்ளி முன்னால் போய்விட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. இரு அணியும் கை குலுக்கிவிட்டுப் பஸ் ஏறிவிடும்.

எங்கள் சங்கடம் வேறு. அணியில் ஒன்பது பேர் இருந்த வருடம் ஒன்று. எல்லோரும் தாக்கவும் ஆட வேண்டும், தடுக்கவும் ஆட வேண்டும். ப்ளேஆஃபுக்குப் பஸ்ஸில் இருநூறு மைல். இரண்டாவது குவாட்டரில் ஒருவனுக்குத் தலையில் அடி. கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 2011-லிருந்து டெக்சஸ் சட்டப்படி அப்படிச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவன் திரும்ப ஆட முடியாது. பிறகும் மருத்துவர் எழுதிக் கொடுத்து, படிப்படியாகத்தான் விடலாம். நான் ஹெல்மெட்டை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். கொடுத்தால் போட்டுக்கொண்டு ஓடிவிடுவான். அவன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "டாக்டர், இதுக்காகத்தான் அவன் ஆகஸ்டிலிருந்து உழைச்சான்" என்றார். கோபமாக இல்லை, கெஞ்சலாக. அது இன்னும் கஷ்டம். மறுவாரம் அதே மனிதர் க்ளினிக்குக்கு வந்து நன்றி சொன்னார். ஆனால் அந்த இரவு அவர் முகம் எனக்கு மறக்காது.

இன்னொரு விஷயம். இங்கே வயதானவர்களிடம் ப்ளேஆஃப் பற்றிப் பேச்செடுத்தால் 1988-க்குத்தான் போவார்கள். அப்போது டிஸ்ட்ரிக்டுக்கு இரண்டே இடம். ஒடெஸ்ஸா பெர்மியன், மிட்லேண்ட் லீ, மிட்லேண்ட் ஹை என்ற மூன்று பள்ளி அணிகளும் சமமாக நின்றன. மிட்லேண்டுக்கு வெளியே ஒரு லாரி நிறுத்தத்தில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், மூன்று கோச்சுகளும் காசு சுண்டினார்கள். டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். பெர்மியனும் லீயும் உள்ளே போக, மிட்லேண்ட் ஹை வீட்டுக்குப் போனது. என்னிடம் வரும் ஒரு பெரியவர் இன்றைக்கும் அந்தக் காசைப் பற்றிப் பேசுகிறார். இடத்தைக் கூட்டியதற்குப் பின்னால் இப்படியும் ஒரு வலி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹூஸ்டன் பக்கம், ஒரு அப்பா:

டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அக்கா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் அந்த நான்காவது இடத்தைப் பறித்துவிடாதீர்கள்.

என் மகன் அணியும் நான்காவதாகத்தான் உள்ளே போனது. பத்தில் நான்கு வெற்றி. எதிரே டிஸ்ட்ரிக்ட் சாம்பியன். ஆனால் அன்றைக்கு மழை. பந்து வழுக்கியது, அவர்களுடைய வேகமெல்லாம் சேற்றில் நின்றுவிட்டது. மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். அடுத்த வாரமே நன்றாக அடி வாங்கி வெளியே வந்தோம், அது வேறு. என் மகன் இப்போது காலேஜ் முடித்து வேலைக்கும் போய்விட்டான். அவன் அறைச் சுவரில் பட்டச் சான்றிதழ் இல்லை, அந்த இரவின் படம்தான் இருக்கிறது.

இடம் கொடுப்பதில் தப்பில்லை, யாரை யாரோடு சேர்க்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. மாணவர் அதிகமுள்ள பள்ளிகளுக்கான 6ஏ என்கிற பெரிய பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் உள்ள பள்ளியும், ஐயாயிரத்துக்கும் மேல் உள்ள, டாலஸ் பக்கத்து ஆலன் போன்ற பள்ளியும் ஒரே பிரிவு. ஆலன் 2012-இல் ஏறக்குறைய ஆறு கோடி டாலர் செலவில், 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டியது. காங்கிரீட்டில் விரிசல் விட்டதால் 2014-இல் அதை மூடி, 2015-இல் திரும்பத் திறந்தார்கள். அப்படிப்பட்ட வசதியும் ஒரு பக்கம், இரண்டு கோச் மூன்று வேலை பார்க்கும் பள்ளியும் ஒரு பக்கம். போட்டிகளை நடத்தும் யூஐஎல் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாணவர் எண்ணிக்கை பார்த்துப் பிரிவுகளை மாற்றுகிறது. 6ஏ ப்ளேஆஃபில் நான்கு அணிகளில் பெரிய இரண்டை ஒரு டிவிஷனிலும் சின்ன இரண்டை இன்னொன்றிலும் போடுகிறது. மற்ற ஐந்து பிரிவுகளும் இரண்டிரண்டாகப் பிரிவதால் மாநிலத்துக்கு மொத்தம் 12 சாம்பியன்கள். எண்ணிக்கையைச் சரி செய்யலாம். பணத்தையும், நல்ல ஆட்டக்காரன் பள்ளி மாறி வருவதையும் எண்ணிக்கை காட்டாது.

ஆஸ்டின், ட்ரம்போன் வாசிக்கும் பெண்ணின் அம்மா:

எங்கள் வீட்டில் யாரும் ஃபுட்பால் ஆடவில்லை. ஆனால் அணி ஜெயித்தால் பள்ளி இசைக்குழுவான பேண்டும் போக வேண்டும். நவம்பர் முதல் பாதியில் சான் ஆண்டோனியோ அலமோடோமில் பேண்டுக்கு மாநிலப் போட்டி. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ப்ளேஆஃப். மூன்றாவது சுற்று சரியாகத் தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் வரும். தேங்க்ஸ்கிவிங் காலையில் பயிற்சி இருந்தால் அது அணிக்குப் பெருமை என்பார்கள் இங்கே. நாங்கள் சென்னை டிக்கெட்டை இரண்டு முறை மாற்றினோம். இறுதி வரை போகிற அணிக்கு மொத்தம் 16 ஆட்டம், ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை. கல்லூரி விண்ணப்பங்களும் அதே நாட்களில்தான். என் பெண் விண்ணப்பக் கட்டுரையைப் பஸ்ஸில் போன் வெளிச்சத்தில் எழுதினாள்.

சிகாகோ புறநகர், ஒரு அப்பா:

ப்ளேஆஃப் இடங்களைக் குறைத்துக் கதவைச் சின்னதாக்கினால் எல்லாம் சரியாகும் என்று நானும் நினைத்தவன். இலினாய் அனுபவத்தைச் சொல்கிறேன். என் பையன் ஆடியது 2022-இல்.

அப்போது மாநிலத்தில் எட்டுப் பிரிவு, பிரிவுக்கு 32 என்று 256 அணிகளுக்கு இடம். ஒன்பது ஆட்டத்தில் ஆறு ஜெயித்தால் நிச்சயம் உள்ளே. ஐந்து ஜெயித்தால், எதிரணிகள் எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்து மிச்ச இடங்களை நிரப்புவார்கள். நாங்கள் ஐந்து ஜெயித்தோம். ஒன்பதாவது வார சனிக்கிழமை இரவு பட்டியல் வெளியாகும். பள்ளி கஃபட்டீரியாவில் பிள்ளைகளும் பெற்றோரும் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி இருந்தோம். பிரிவு பிரிவாகப் பெயர் வந்தது, எங்கள் பெயர் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தோம். பனிரெண்டாம் வகுப்புப் பையன்கள் கார் நிறுத்தத்தில் வெகு நேரம் நின்றிருந்தார்கள். கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஐந்து வெற்றிக்காகப் பள்ளிகள் என்னென்ன செய்தன என்பது பிறகுதான் புரிந்தது. பலமான அணியோடு ஆட யாரும் வரவில்லை. பலமான அணிகள் ஆட்டம் தேடி பக்கத்து மாநிலத்துக்குப் போயின. மற்றவை கான்ஃபரன்ஸ் என்கிற பழைய ஆட்டக் குழுக்களை உடைத்துக்கொண்டு, சுலபமான எதிரிகள் இருக்கும் இடத்துக்கு மாறின. தனியார் பள்ளிகள் எங்கிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பதால் அவற்றின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கிப் பிரிவு ஒதுக்குகிறார்கள். அதற்கும் இரு பக்கமும் சண்டை. அக்கா, உங்கள் மகன் 63-7 என்று தோற்றான். என் மகனுக்குத் தோற்கக்கூட ஒரு ஆட்டம் கிடைக்கவில்லை. எது பெரிய கஷ்டம் என்று எனக்கு இன்னும் முடிவு செய்யத் தெரியவில்லை.

சான் ஆண்டோனியோ, ஆறு வருடமாக நடுவர்:

பகலில் கம்ப்யூட்டர் வேலை, வெள்ளி இரவு வரி போட்ட சட்டை. அக்கா கேட்ட விஷயத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. டெக்சஸ் பதினொரு பேர் ஆட்டத்தைக் கல்லூரி விதிப்படி நடத்துகிறது. அதில் 45 புள்ளி விதி கிடையாது. ஆனால் இரண்டு கோச்சும் ஒத்துக்கொண்டால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விடலாம், அல்லது குவாட்டரைக் குறைக்கலாம். நானே மூன்று முறை பாதி நேரத்தில் இரு கோச்சுகளிடமும் போய்க் கேட்டிருக்கிறேன். இரண்டு முறை சரி என்றார்கள். ஒரு முறை தோற்கிற கோச் மாட்டேன் என்றார். நாங்களாகச் செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை.

எங்கள் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆள் போதவில்லை. கோவிட் நாட்களில் நாடு முழுக்க எல்லா விளையாட்டிலும் சேர்த்துச் சுமார் 50,000 நடுவர்கள் குறைந்ததாக ஹைஸ்கூல் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. அதனால் பல ஆட்டங்கள் வியாழனுக்குப் போகின்றன. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி. சேர்ந்த முதல் வருடத்திலேயே விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டம் பிடிக்காமல் போவதில்லை. கார் வரைக்கும் பின்னால் வந்து திட்டுகிற பெற்றோரால் போகிறார்கள். எனக்கும் ஒரு முறை நடந்தது. என் பெண் காரில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் போகலாமா என்று யோசித்தேன். போனேன், ஏனென்றால் நான் போகாவிட்டால் அந்த ஆட்டத்துக்கு நான்கு பேர்தான்.

டாலஸ் வடக்கு, லைன்மேனின் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நடுவர் தம்பி சொன்னதைப் படித்துவிட்டுக் கோச்சிடமே போய்க் கேட்டேன், கடிகாரத்தை ஓட விட்டிருக்கலாமே என்று. அவர் மறைக்கவில்லை. பாதி நேரத்தில் எதிரணிக் கோச்சே கேட்டாராம், இவர்தான் வேண்டாம் என்றாராம். "பதினேழு சீனியர்களுக்கு அதுதான் வாழ்க்கையின் கடைசி ஆட்டம். அவர்களுடைய நிமிடங்களை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது நினைத்தால் எடுத்திருக்க வேண்டும்" என்றார். நான் திட்டத் தயாராகப் போனவள். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இருந்தாலும் கோச்சின் மனசை நம்பி இதை விடக் கூடாது, முதல் சுற்றுக்கு டாக்டர் சொன்ன 45 புள்ளி போல ஒரு விதி எழுத்தில் வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பூஸ்டர் கிளப்பில் அதைப் பேசப் போகிறேன். சிகாகோக்காரர் எழுதியதைப் படித்த பிறகு, நான்கு இடத்தை இரண்டாக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

டாக்டர், நீங்கள் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டான். பிறகு அந்தக் குவாட்டர்பேக் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னான். அவனுக்கு மூன்று வாரத்தில் சரியாகி, ஒவ்வொரு படியாகத் தாண்டி, ஆட அனுமதியும் வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்களாம். அந்தப் பையன் நிறுத்திக் காட்டினானாம்: "நீ அவனைத் தள்ளினாய், நான்தான் பந்தை ரொம்ப நேரம் வைத்திருந்தேன்."

ஜனவரியிலிருந்து இருவரும் காலை ஆறு மணிக்கு எடைப் பயிற்சிக்கு வெயிட் ரூம் போகிறார்கள். அந்தப் பையனுக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை. நான்தான் இருட்டில் அவன் வீட்டு வாசலில் நின்று இருவரையும் கொண்டுபோய் விடுகிறேன். நாளைக்கும் ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.