மதுரை செல்லூர்: சாயப்பட்டறை நின்ற ஆற்றங்கரையில் 400 வீடு கட்டலாமா?

வடகரைவாசி: வைகையை ஒட்டி 2 ஏக்கர். பல வருடம் சாயப்பட்டறை ஓடி, இப்போது மூடிக் கிடக்கிறது. ஏழைகளுக்கு 30 சதுர மீட்டர் உள்பரப்பில் 400 வீடு என்று பேச்சு. ரெண்டு இடத்தில் போர் போட்டு மண் பார்த்தால் போதும் என்கிறார்கள். போதுமா? 400 அடங்குமா?

மண்ணாய்வு: போதவே போதாது சார். தாங்குதிறன் தெரியும், விஷம் தெரியாது. முதலில் சாயத்தொட்டி, கழிவு வாய்க்கால், பாய்லர் சாம்பல் கொட்டிய இடம், எண்ணெய்த் தொட்டி நாலையும் வரைபடத்தில் குறியுங்கள். அங்கெல்லாம் நெருக்கமாகவும், மற்ற இடத்தில் 20 மீட்டருக்கு ஒன்றாகவும் குழி தோண்டி, கொட்டிய மண் முடிந்து இயற்கை மண் வரும்வரை அடுக்குக்கு ஒரு மாதிரி எடுக்க வேண்டும். குரோமியம், எண்ணெய், சல்பேட், குளோரைடு நாலும் பார்க்க வேண்டும்.

சாயத்துக்குக் கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) சாதா உப்பும் (சோடியம் குளோரைடு) மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். முதலாவது கான்கிரீட்டை அரிக்கும், இரண்டாவது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ரெண்டும் இருந்தால் சல்பேட் தாங்கும் சிமென்ட் மட்டும் போட்டு ஏமாறாதீர்கள், அது குளோரைடைத் தடுக்காது. இரும்பு உலைக் கசடு கலந்த கசடுச் சிமென்ட்தான் நல்லது. அந்த இடத்து போர் தண்ணீரில் கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் முன் சோதியுங்கள்: லிட்டருக்குச் சல்பேட் 400 மில்லிகிராம், குளோரைடு 500, அதைத் தாண்டக் கூடாது.

வடகரைவாசி: நன்றி சார். வீட்டுக் கணக்கு?

கட்டடக் கணக்கு: 2 ஏக்கர் 8,094 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளமும் சேர்த்து நிலத்தைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் 16,188. சுவர், படி, நடைவழி சேர்த்து வீட்டுக்கு 40 வைத்தால் 404 வீடு. உயரத்தில்தான் மாட்டும். 18.30 மீட்டர் தாண்டினால் உயர் கட்டட விதிகள், செலவு ஏறும். 6 தளம் 18 மீட்டர், வெள்ளத்துக்காக மேடை 1 மீட்டர் ஏற்றினால் 19. ஆகவே 5 தளம் போதும். நிலத்தில் 40 சதவீதம் கட்டடம், மீதியில் பாதையும், விதிப்படி விடவேண்டிய 10 சதவீதத் திறவிடமும்.

பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போடுகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: கொட்டிய மண் அமுங்கும்போது பைலையும் கீழே இழுக்கும், அந்தச் சுமையைக் கணக்கில் சேர்த்தார்களா?

கழிவுநீர்க் கவலை: எல்லோரும் மறப்பது மழைநீர்க் குழி. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம், ஆனால் சாய மண்ணில் உறிஞ்சு குழி வெட்டினால் விஷத்தை நாமே வைகைக்குள் இறக்குகிறோம். மண்ணுக்குள் கசியாத மூடிய தொட்டியில் சேமியுங்கள். 400 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர்: தினம் 2.7 லட்சம் லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும், அது எங்கே போகும் என்றும் கேளுங்கள். மழைநீர் வாய்க்கால் ஆற்றில் சேரும் வாயில் ஒருவழிக் கதவு வையுங்கள். இல்லையென்றால் வைகை இரு கரை தொட்டு ஓடும் நாளில் ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே பின்னோக்கி ஏறி முற்றத்துக்கே வரும்.

தறி போடுகிறவர்கள் குடிவந்தால், தரையில் குழி வெட்டி அமைக்கும் குழித்தறி மாடியில் நிற்காது. தரைத்தளத்தில் பொதுத் தறிக்கூடம் இப்போதே கேளுங்கள், அஸ்திவாரம் போட்ட பிறகு கிடைக்காது.